பிலோமினாவின் மெய்யான வயது

நம் கோயிலுக்கு வருகிற அக்கா தங்கைமார், அண்ணன் தம்பிமார் எல்லாருக்கும் அந்தோனியம்மா எழுதுவது. எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது எட்டு. எட்டாவது என் நாத்தனார் ஆரோக்கியத்தின் பிள்ளை. அவள் கண் மூடிய பிறகு என் கையில் வளர்ந்தான். எழுத்து எனக்கு அதிகம் வராது. உபதேசியாரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது எவ்வளவோ அவ்வளவுதான். ஆனாலும் இதை வேறொருவர் கையால் எழுதவிட எனக்கு மனமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

நான் சொல்லப்போவது என் மூத்த மகள் பிலோமினாவின் முதுகைப் பற்றி.

அறுபத்து நான்காம் வருஷக் கடைசி. இலங்கையில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, எங்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று முடிவு செய்துவிட்டதாக ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். யார் போவது, யார் இருப்பது என்று எங்களுக்குத் தெரியாது. யாராவது ஒரு தாளோடு நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டோம். பேர் கேட்டால் பயம். போட்டோ எடுத்தால் பயம். கைநாட்டு என்றால் உயிரே போய்விடும். பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவர் நம்மைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்தாரோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட காலம் அது. எல்லாருக்கும் சந்தேகம் என்றால் எனக்கு இரண்டு பங்கு. பிறவிக் குணம்.

அந்த நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு, ஆரோக்கியம்தான் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள். அவளிடம் ஒரு கைமெஷின் இருந்தது. பிலோமினாவுக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவாத்தான் வெட்டுனேன் மதினி" என்றாள்.

"அப்ப எம் மகதான் கோணலா?"

"தோளப் பாருங்க. எடப்பக்கம் எறங்கி நிக்கிது. நான் சட்டையத்தான் தைக்க முடியும், தோளயுமா சேத்துத் தைக்க முடியும்?"

"ஒனக்குத் தைக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. புள்ளையச் சொல்லாத."

"வருசா வருசம் இந்தக் கை தச்சதத்தான போட்டுக்கிட்டு பூசைக்குப் போனீங்க. அப்பல்லாம் கை நல்லாத்தான் இருந்திச்சி."

அவளை அனுப்பிவிட்டு மகளைக் குளிக்கிற பீலிக்குக் கூட்டிக்கொண்டு போய் முதுகைப் பார்த்தேன். வயதுக்கு வந்த பிள்ளை, அதற்குப் பிறகு அவள் முதுகை நான் பார்த்ததில்லை. முதுகெலும்பு மலையில் போகிற குறுக்குப்பாதை மாதிரி ஒரு பக்கம் வளைந்து, பிறகு மறுபக்கம் வளைந்து போயிருந்தது. வலது பக்கத் தோள்பட்டை எலும்பு சுளகு மாதிரித் தூக்கி நின்றது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

கோயிலுக்குப் போகிறவள்தான் நான். ஆனால் செய்வினைக்குப் பயப்படாத மனசு எனக்கு அப்போது இல்லை. ஆரோக்கியத்துக்கு அப்போது பிள்ளை இல்லை, எனக்கோ வரிசையாகப் பிள்ளைகள். அவள்தான் எதையோ வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அந்தச் சட்டையின் தையல்களைப் பிரித்து உள்ளே சாம்பலோ தகடோ இருக்கிறதா என்று தேடினேன். ஒரு மயிர்தான் இருந்தது. அதுவும் மகளுடையதா அவளுடையதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிலோமினா வளர்த்தியான பிள்ளை. பன்னிரண்டு வயதிலேயே என் உயரம். தோட்டத்தில் முழுச் சம்பளத்துக்குப் பெரியாள் பேர் விழ வேண்டுமென்றால் வயது வேண்டும். நான் கணக்கப்பிள்ளையிடம் பதினைந்து என்று சொல்லி அவளைப் பெரியாளாகப் பதிந்தேன். என் புருஷன் சவரிமுத்துவுக்கும் தெரியும். மகளிடம், "யாரு கேட்டாலும் பதினஞ்சு. அடுத்த வருசம் பதினாறு. மாறக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்தேன். அவளும் செபம் பாடம் பண்ணுவது போலப் பாடம் பண்ணிக்கொண்டாள். லயத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம் அது. அதை நான் பொய் என்றே நினைக்கவில்லை.

தை பிறந்ததும் மலையில் அவளால் ஏற முடியவில்லை. கூடை ஒரு பக்கமாகச் சரிந்து கொழுந்து கொட்டும். கங்காணி, "ஏ பிலோ, கூடைய நீ சொமக்கிறியா, ஒன்னயக் கூடை சொமக்குதா?" என்று கேட்பார், பெண்டுகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஒருநாள் ஏற்றத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கி உதடு நீலமாகிவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தையா பார்த்தார். சுருக்கமாகப் பேசுகிற மனுஷன்.

"சுளுக்கு இல்ல, பேய் இல்ல. முதுகெலும்பு வளையுது. கொழும்புக்குக் கடுதாசி தர்றேன். சுணங்காமக் கொண்டு போ."

"கொழும்புல என்னங்கய்யா பண்ணுவாங்க?"

"வெட்டி நிமித்துவாங்க."

எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்தைத் தண்ணீர் கலந்து கொடுக்கிறவர், என் மகளுக்கு ஏன் கொழும்புக்குக் கடுதாசி எழுதுகிறார்? அதுதான் எனக்கு மனதில் ஓடியது. கடுதாசியில் தோட்டப் பதிவின்படி வயது பதினாறு என்று எழுதியிருந்தார். அந்த எண் மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்தது.

சவரிமுத்து சின்னதுகளோடு தோட்டத்திலேயே நின்றார். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பதினாறுன்னே சொல்லு. இங்க ஒரு வயசு, அங்க ஒரு வயசுன்னு இருந்தா அதையே பிடிச்சிக்கிட்டு நம்மள கப்பல் ஏத்திருவாங்க" என்றார். லயம் முழுக்க அந்தப் பேச்சுத்தான். பதிவு மாறியிருந்தால், களவாகக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணி என்று எழுதிவிடுவார்களாம்.

தலவாக்கலையில் ரயில் ஏறினோம். நிமிர்ந்து உட்கார முடியாமல் என் மடியில் சாய்ந்தபடி பிலோமினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் எதிரில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கொழும்பில் அந்த ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு கிளார்க் ஐயா கேள்வி கேட்டார். தகப்பன் பேர் என்ன. தகப்பன் எங்கே பிறந்தது. நீ எங்கே பிறந்தது. பிள்ளை எங்கே பிறந்தது. வயது என்ன. இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் கேட்பார்கள் என்று லயத்தில் சொன்ன அதே கேள்விகள். அடுத்து ஒருவர் மகளின் மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் போட்டோ எடுத்தார். அதற்கடுத்து இருட்டறையில் வேறொரு படம். உயரம் அளந்தார்கள். நிறுத்துப் பார்த்தார்கள். முதுகைப் பார்க்க எதற்குத் தகப்பன் பிறந்த ஊர்? முகத்தைக் கூடப் பிடிக்காத போட்டோ எதற்கு? இது ஆஸ்பத்திரி இல்லை, ஆஸ்பத்திரி வேஷம் போட்ட இந்தியா ஆபீஸ் என்று நான் முடிவு செய்தேன். மருந்தையாவும் இதற்கு உடந்தை. ஒருவேளை கணக்கப்பிள்ளையும்.

அந்த வார்டில் லெட்சுமி என்று ஒரு ஆயா. றொசல்ல என்கிற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். டாக்டர் ஐயா சிங்களத்தில் சொல்வதை அவள்தான் எங்களுக்குத் தமிழில் சொல்வாள். அவளையும் நான் நம்பவில்லை. நம் தோட்டத்துப் பெண்ணை இவர்கள் ஏன் வைத்திருக்கிறார்கள்? நம்மை ஏமாற்றத்தானே.

அன்று பின்னேரம் வெளியே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். மாதாவிடம் நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். அழகாக்கவில்லை.

"தாயே, இங்க எங்கிட்ட யாரோ பொய் சொல்றாங்க. அது யாருன்னு எனக்குக் காட்டிக் கொடுங்க. காட்டினா எம்மகள இங்க விடுறேன். காட்டலன்னா நாளைக்கு ரயில்ல கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

மகளைக் குணமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை. பொய்க்காரனைக் காட்டு என்றுதான் கேட்டேன். அவ்வளவு சந்தேகம்.

மறுநாள் காலையில் டாக்டர் ஐயா வந்தார். கையில் அந்தக் கறுத்த படம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மகளின் எலும்பெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. முதுகு வளைந்ததைக் காட்டினார். பிறகு விரலை இடுப்பெலும்புக்குக் கொண்டு போனார். லெட்சுமி சொன்னாள்:

"அக்கா, பதினாறு வயசு ஆயிருச்சின்னா பொம்பளப் புள்ளைக்கு வளர்த்தி அநேகமா முடிஞ்சிரும். வளைவும் இதோட நிக்கும். வெட்டத் தேவையில்ல, நீங்க கூட்டிக்கிட்டுப் போகலாமாம். ஆனா இந்த இடுப்பெலும்பு ஓரத்துல பதினாறு வயசுல தெரிய வேண்டியது இன்னும் தெரியலயாம். இது சின்னப் புள்ள எலும்பாம். சின்னப் புள்ளன்னா இன்னும் ரெண்டு மூணு வருசம் வளருவா. வளர வளர முதுகும் வளையும். நெஞ்சு அமுங்கி மூச்சுக்கு எடமில்லாமப் போகும். அதான் கேக்கறார். புள்ளைக்கு மெய்யா என்ன வயசு?"

பார்த்தீர்களா, வயதில் வந்து நிற்கிறான் என்று நினைத்தேன். கண்ணி வைக்கிறான்.

"பதினாறு" என்றேன். "கடுதாசியில எழுதியிருக்கில்ல?"

டாக்டர் ஐயா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஒன்று சொன்னார்.

"நிச்சயமான்னு கேக்கறார். நீங்க சொல்றத வச்சித்தான் அவர் முடிவு எடுக்கணுமாம்."

"நிச்சயந்தான்."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதப் போகிறார், நாங்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட வந்தது. அப்போது கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த பிலோமினா மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இவருகிட்ட எந்த வயசச் சொல்லட்டும்?"

அவள் என்னை மாட்டிவிடக் கேட்கவில்லை. பிள்ளைக்கு உண்மையாகவே தெரியவில்லை. கணக்கப்பிள்ளைக்கு ஒரு வயது, கோயிலுக்கு ஒரு வயது என்று நான்தானே பழக்கியிருந்தேன். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் சேர்த்தி என்று கேட்கிறாள்.

லெட்சுமிக்குத் தமிழ் விளங்கும். அவள் அதை டாக்டருக்குச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, டாக்டருக்கு ஒன்னும் விளங்கல. நீங்க என்ன சொல்றீங்களோ அத மட்டுந்தான் நான் சொல்லுவேன். யோசிச்சிச் சொல்லுங்க."

முந்தின நாள் நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. கிளார்க் ஐயாவைக் காட்டவில்லை. மருந்தையாவைக் காட்டவில்லை. இந்தப் பெண்ணைக் காட்டவில்லை. ஒரு கறுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். சவரிமுத்து சொன்னது காதில் கேட்டது. கப்பல் கண்ணுக்குள் தெரிந்தது. குடும்பம் மொத்தமும் ஒரு தட்டில், பிலோமினாவின் மூச்சு இன்னொரு தட்டில்.

"பதிமூணு" என்றேன். "மாதா பிறந்த திருநாள் முடிஞ்சு மூணாம் நாள் பிறந்தா. கோயில் புத்தகத்துல இருக்கு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

லெட்சுமி சொன்னாள். டாக்டர் ஐயா கோபிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு ஏன் என்று கேட்டார். இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. லெட்சுமி கொஞ்ச நேரம் விளக்கிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

சம்மதத் தாள் வந்தது. நான் லெட்சுமியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன்.

"இதுல இந்தியா எங்கயாச்சும் இருக்கா?"

அவள் டாக்டரிடம் கேட்டாள். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்துவிட்டு எனக்கு விளங்குகிற தமிழில் அவரே சொன்னார்: "இந்தியா இல்ல அம்மா. முதுகு மட்டும்."

கைநாட்டுக்கு மைப்பெட்டியைக் கொண்டு வந்தார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு அ-ந்-தோ-னி-ய-ம்-மா என்று எழுதினேன். வேர்த்துவிட்டது.

அதன் பிறகு என் மகள் பட்டதை அவள்தான் சொல்ல வேண்டும். தாடைக்குக் கீழே பட்டை கொடுத்து இழுத்துப் பிடித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளைச் சாந்து பூசினார்கள். சுவருக்குள் வைத்துப் பூசியது போல இருந்தது என்பாள். சாந்து காயும்போது சூடு, காய்ந்த பிறகு அரிப்பு. அந்தக் கட்டின் முதுகுப் பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டி அதன் வழியாகத்தான் ஆப்பரேஷன் செய்தார்கள்.

அன்று காலையில் உள்ளே கொண்டு போனவர்கள் மத்தியானம் கழிந்தும் வரவில்லை. அந்த வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தரம் மாதாவிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஒப்பந்தமும் போடவில்லை. "எம்மகளக் குடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. டாக்டர் ஐயா வெளியே வந்து, பேச லெட்சுமி பக்கத்தில் இல்லாததால், தன் சப்பாத்துக்காலைத் தூக்கி அசைத்துக் காட்டினார். பிள்ளை கால் விரலை அசைக்கிறாள் என்று அர்த்தம். அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் போனேன். இழுத்துக்கொண்டார்.

கண் விழித்ததும் அவள், "அம்மா, முதுகு பரவாயில்ல, இடுப்புத்தான் உயிர் போகுது" என்றாள். பார்த்தால் இடுப்பிலும் ஒரு வெட்டு. எனக்குப் பழைய குணம் எழுந்து நின்றுவிட்டது.

"முதுக வெட்டப் போனவங்க இடுப்ப ஏன் வெட்டுனாங்க? எலும்ப எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாங்கதான்" என்றாள் லெட்சுமி. "எடுத்து அவ முதுகுலயே வச்சிருக்காங்க. தொர பங்களாவுல ரோசாவுக்கு ஒட்டுப் போடுறதில்ல, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் அந்தப் பொலீஸ் வேலைய விட்டுட்டு புள்ளைக்கித் தண்ணி குடுங்கக்கா."

ஒட்டு பிடிக்க ஆறு மாதம் அவள் அசையாமல் படுத்திருந்தாள். நான் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒவ்வொரு தரமும் லெட்சுமி ஏதாவது எழுத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே அவள் ஒப்பிப்பாள். அந்த வருஷக் கடைசியில் கட்டோடு வீட்டுக்கு வந்தோம். பூண்டுலோயாவிலிருந்து கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து மேலே கொண்டு வந்தோம். டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கும், "புள்ளைக்கி வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. அதை ஒரு மாற்றமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் நிற்கும்போதே, கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.

"பிலோமினா வயசப் பொய்யாக் குடுத்தேன். அவளுக்குப் பதினாலுதான் ஓடுது."

"இத ஒன்னய இப்ப யாரு கேட்டா?" என்றார் அவர், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு.

"யாரும் கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடுறேன்."

பெரியாள் பேரிலிருந்து அவளை எடுத்தார்கள். எனக்கு ஒரு வாரம் வேலை நிறுத்தினார்கள். சவரிமுத்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. லயத்தில் சில பேர், எங்கள் பொய்யும் வெளியே வந்துவிடுமோ என்று என்னைக் கண்டால் ஒதுங்கினார்கள். இந்த வயதுப் பொய்க்காக ஒருவரும் எங்களைத் தேடி வரவில்லை. கப்பல் ஏற்றவும் இல்லை. வந்திருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைப்பது லேசு, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆரோக்கியத்திடம் போனேன். அது கணக்கப்பிள்ளையிடம் போனதை விடக் கஷ்டம்.

"ஒன் சட்டையில சாம்பல் தேடுனேன்" என்றேன்.

"தெரியும் மதினி. நான் தச்ச தையல நீங்க திருப்பித் தச்சா எனக்குத் தெரியாதா? கோழி கிண்டுன மாதிரி இருந்திச்சி."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா, இவ ஏன் கேக்கறான்னு அதுக்கும் ஒரு சந்தேகம் வரும் ஒங்களுக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவள் என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

பிலோமினாவின் முதுகு முழுக்க நிமிரவில்லை. இன்றும் ஒரு தோள் ஒரு விரல் உயரம். குனிய மாட்டாள், முட்டி போட்டுத்தான் எதையும் எடுப்பாள். ஆனால் மூச்சு வாங்காமல் மலை ஏறினாள். கூடை சுமக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், ஆஸ்பத்திரியில் கற்ற எழுத்தை வைத்து, பிறகு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பிராவில் ஆயாவாகப் போனாள். மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். என் முன்னால் இன்றும் நடந்து போகிறாள். இது தேவன் தந்தது. டாக்டர் ஐயாவின் கையும் லெட்சுமியின் வாயும் அவர் அனுப்பியவை. நன்றி சொல்லி முடியாது.

என்னைப் போலச் சந்தேகத்தோடு கோயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் உண்டு. உங்களுக்குச் சொல்கிறேன். சந்தேகம் போன பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகத்தோடேயே கேளுங்கள். என்னிடம் அது மட்டுந்தான் இருந்தது, அதையும் அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் பதில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற திசையிலிருந்துதான் வரும் என்று இருந்துவிடாதீர்கள். வருகிற பக்கம் திரும்புங்கள். பயப்படாமல் நம்புங்கள்.

என் கடைசி மகனின் பிள்ளை ரெஜினா பக்கத்தில்தான் இருக்கிறாள். ரெஜினா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வா. இதை முதலிலிருந்து எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழையை விட்டுவிடு. எந்த இடத்தில் ஆச்சி தன்னை நல்லவளாகக் காட்டியிருக்கிறாளோ, அந்த இடத்தில் நிறுத்து.